பத்துக்குப் பதினொன்று அறை, ஆறாயிரம் ரூபாய்: எதில் முதலில் கை வைப்பது?

கேள்வி இது: “வேளச்சேரியில் வாடகை வீடு. படுக்கையறை 10க்கு 11 அடி. மேற்கே ஒரே ஒரு ஜன்னல். கதவில்லாத சிமெண்ட் அலமாரி, சுவர் முழுக்க ஒரு பரண், இரும்பு பீரோ, இரட்டைக் கட்டில், டியூப் லைட். பீரோவுக்குப் பின்னால் சுவரில் உப்பு பூக்கிறது. வீட்டுக்காரர் ஆணி அடிக்க விடமாட்டார். இன்னும் இரண்டு வாரத்தில் ஊரிலிருந்து அப்பா அம்மா வருகிறார்கள். இந்த அறையைத்தான் அவர்களுக்குக் கொடுக்க வேண்டும். கையில் 6000 ரூபாய் இருக்கிறது. என்னென்ன வாங்கலாம்?”

நான் திரைச்சீலையும் மெத்தை உறையும் தைத்துக் கொடுக்கிறவன். பதினேழு வருடமாக அளவு டேப்பைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்தவர் படுக்கையறைக்குள் போய் வருகிறேன். கூடத்தைக் கண்ணாடி மாதிரி வைத்திருப்பவர்கள்கூட இந்த அறைக் கதவைத் திறக்கும்போது “கொஞ்சம் கலைஞ்சு கிடக்கு, தப்பா நினைக்காதீங்க” என்று ஒரு வார்த்தை சொல்லாமல் விட்டதில்லை. விருந்தாளி வரும்போது கூடத்திலிருந்து அள்ளியதெல்லாம் போய் விழுகிற இடம் அதுதானே. அதனால் உங்கள் கேள்வியைக் கொஞ்சம் திருப்பிப் போடுகிறேன். அறை மோசமாகத் தெரிவதற்குக் காரணம் அங்கே இல்லாத பொருள் இல்லை. இருக்கிற பொருளும், அதன்மேல் விழுகிற வெளிச்சமும்தான். துணிக்காரன் நானே சொல்கிறேன், முதல் மூன்று நாள் ஒரு துணிக்கடைக்கும் போகாதீர்கள்.

இன்று இரவே ஒரு வேலை. அறை வாசலில் நின்று கைபேசியில் ஒரு படம் எடுங்கள், எதையும் ஒதுக்காமல். தினமும் பார்த்துப் பழகிய கண் பலதைத் தாண்டிப் போய்விடும், படம் தாண்டாது. அதில் தெரியப் போவதை நான் இங்கிருந்தே சொல்லிவிடுவேன். பரணில் டிவி பெட்டி, மிக்ஸி பெட்டி, கல்யாணத்துக்கு வந்த குத்துவிளக்குப் பெட்டி. கதவுக்குப் பின்னால் கொக்கியில் ஆளுயரத்துக்கு ஒரு துணி மூட்டை. கட்டிலுக்கு அடியில் இருந்து எட்டிப் பார்க்கும் சூட்கேஸ். தலைமாட்டில் சார்ஜர் ஒயர். அலமாரித் தட்டுகளில் மடித்ததும் மடிக்காததுமாகத் துணி. இவற்றை அப்படியே விட்டுவிட்டு 1500 ரூபாய்க்குச் சுவரில் மர ஸ்டிக்கர் ஒட்டுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கண் ஸ்டிக்கரைப் பார்க்காது, மிக்ஸி பெட்டியைத்தான் பார்க்கும்.

காலி அட்டைப் பெட்டிகளில் கேரண்டி முடிந்ததை எல்லாம் பழைய பேப்பர்காரரிடம் போடுங்கள். கரப்பான் முட்டை வைப்பதும் வெள்ளிமீன் பூச்சி குடியிருப்பதும் அந்த அட்டை மடிப்புகளில்தான். கதவுக்குப் பின்னால் தொங்கும் துணியை மட்டும் “இனிமேல் போடவே கூடாது” என்று சட்டம் போடாதீர்கள், நடக்காது. ஒரு தடவை உடுத்தியது, துவைக்கவும் போட முடியாது, பீரோவில் வைக்கவும் மனசு வராது. அந்தத் துணிக்கு எல்லா வீட்டிலும் இடம் தேவை. மூடி போட்ட பிரம்புக் கூடையோ பிளாஸ்டிக் கூடையோ ஒன்றை அலமாரியின் கீழ்த்தட்டில் வைத்து அதை அதற்கென்று ஒதுக்கிவிடுங்கள். பழக்கத்தோடு சண்டை போடுவதைவிட அதற்கு ஒரு மறைவிடம் கொடுப்பது சுலபம்.

அடுத்து கட்டில். இரட்டைக் கட்டில் என்றால் பெரும்பாலும் 5 அடிக்கு ஆறரை அடி இருக்கும். 10க்கு 11 அறையில் அது கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு இடத்தைத் தின்றுவிடும். இறங்கி நடக்கும் பக்கம் இரண்டடியாவது விடுங்கள். வயதானவர்கள் இரவில் எழுந்து போகும் வழி அது. வடக்கே தலை வைக்க உங்கள் அம்மா சம்மதிக்க மாட்டார் என்று வைத்துக்கொள்கிறேன், எந்த அம்மாவும் சம்மதித்து நான் பார்த்ததில்லை. மேற்கே ஜன்னல்; அதற்கடியில் தலைமாடு வைத்தால் மாலை முழுக்கச் சூடேறிய சுவர் இரவு பத்து மணி வரை தலைக்கு நேரே அனல் அடிக்கும். மீதி இருப்பது தெற்கும் கிழக்கும். இரண்டில் வாசலில் நின்றால் நேரே தெரிகிற சுவர் எதுவோ, அங்கே தலைமாட்டை வையுங்கள். கதவைத் திறந்ததும் கட்டிலின் நீளமும், விரித்த விரிப்பும், அதற்குப் பின்னால் ஒரு சுத்தமான சுவரும் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. இதற்குச் செலவு, கட்டிலின் மறுமுனையைப் பிடிக்க வரும் பக்கத்து வீட்டுத் தம்பிக்கு ஒரு காபி.

இப்போது அந்த உப்புச் சுவர். இதில் அவசரப்படாதீர்கள். செங்கல்லுக்குள்ளும் பூச்சுக்குள்ளும் புகுந்த தண்ணீர் அங்கிருக்கும் உப்பைக் கரைத்துக்கொண்டு வெளியே வருகிறது. மேற்பரப்பில் தண்ணீர் ஆவியாகிப் போய்விடுகிறது, உப்பு வெள்ளையாக நின்றுவிடுகிறது. அதன்மேல் நீங்கள் பட்டி பூசினாலும், பெயிண்ட் அடித்தாலும், வால்பேப்பர் ஒட்டினாலும் தண்ணீர் நிற்கப் போவதில்லை. இரண்டு மாதத்தில் கொப்பளித்து உரியும். வால்பேப்பர் என்றால் அதற்குப் பின்னால் பூசணம் பிடித்து அறையே மக்கிய வாடை அடிக்கும்.

முதலில் ஒரு சோதனை. பீரோவை நகர்த்திவிட்டு, உப்பை ஈரத்துணியால் துடைக்காமல் உலர்ந்த பிரஷ்ஷால் தட்டி எடுங்கள். ஈரத்துணி உப்பைத் திரும்பவும் சுவருக்குள் அனுப்பிவிடும். பிறகு சமையலறை அலுமினியத் தாளில் ஒரு சதுரத்தை வெட்டி, நான்கு ஓரமும் டேப் போட்டு அந்த இடத்தில் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். எடுக்கும்போது சுவரை ஒட்டிய பக்கம் ஈரமாக இருந்தால் தண்ணீர் சுவருக்குள்ளிருந்து வருகிறது. அறையைப் பார்த்த பக்கம் வியர்த்திருந்தால் காற்றோட்டம் போதவில்லை. பெரும்பாலும் முதலாவதாகத்தான் இருக்கும், சுவருக்கு அந்தப் பக்கம் குளியலறை என்றால் சந்தேகமே வேண்டாம். டைல்ஸ் இடுக்குச் சிமெண்ட் போயிருக்கும், இல்லாவிட்டால் சுவருக்குள் ஓடும் குழாயில் எங்கோ கசிவு.

இதைச் சரி செய்வது உங்கள் 6000 ரூபாயின் வேலை இல்லை, வீட்டுக்காரரின் வேலை. 2017இல் வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டத்தின் பட்டியலிலேயே, வேறு மாதிரி ஒப்பந்தம் போட்டுக்கொள்ளாத பட்சத்தில், சுவருக்கு வெள்ளையடிப்பதும் தேவைப்படும்போது குழாய் மாற்றுவதும் வீட்டுக்காரர் பொறுப்பில்தான் வருகின்றன. சட்டம் பேசிச் சண்டைக்குப் போகச் சொல்லவில்லை; மாசாமாசம் முகத்தைப் பார்க்க வேண்டியவர். உப்புப் பூத்த இடத்தைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் “சார், இந்த இடத்தில் ஈரம் ஏறுகிறது, ஒரு தடவை பிளம்பரைக் கூட்டி வந்து பாருங்கள்” என்று மரியாதையாக ஒரு செய்தி. காலி செய்யும் நாளில் “நீங்கள்தான் சுவரைக் கெடுத்தீர்கள்” என்று அட்வான்ஸில் பிடிக்க வந்தால் அந்தச் செய்தியும் தேதியும் பேசும். அப்படி அட்வான்ஸைத் தொலைத்தவன் என்பதால் சொல்கிறேன்.

இப்போதைக்கு பீரோ அங்கேயே நிற்கட்டும், சுவரிலிருந்து நான்கு விரற்கடை தள்ளி. ஒட்டி நின்றதால்தான் அங்கே காற்றே போகவில்லை. கால்களுக்கு அடியில் டைல்ஸ் துண்டு வையுங்கள், துரு ஏறாது. பார்க்கிறவர் கண்ணுக்கு பீரோ மறைக்கும், சுவரும் மூச்சு விடும். இந்தச் சுவருக்கு இந்த இரண்டு வாரத்தில் வேறெதுவும் செய்யாதீர்கள்.

செலவு தொடங்குவது வெளிச்சத்தில். நம் வீடுகளில் படுக்கையறைக்கும் மளிகைக் கடைக்கும் ஒரே டியூப் லைட். கடையில் கேட்காமல் வாங்கினால் கையில் கொடுப்பது கூல் டே லைட். பெட்டியில் 6500கே என்று போட்டிருக்கும். நீலம் கலந்த வெள்ளை. உச்சியிலிருந்து அறை முழுக்கச் சமமாகக் கொட்டும். சுவரில் இருக்கும் ஒவ்வொரு ஒட்டும் ஒவ்வொரு கறையும் பளிச்சென்று தெரியும். நிழலே இல்லாத வெளிச்சத்தில் எந்த அறையும் ஆஸ்பத்திரி வார்டு மாதிரித்தான் இருக்கும். அந்த வெளிச்சம் படுக்கப் போகும் நேரத்தில் தூக்கத்தையும் தள்ளிப் போடும்.

டியூபைக் கழற்ற வேண்டாம். பெருக்கும்போதும், பீரோவில் புடவை தேடும்போதும் அது வேண்டும். அதோடு கூட, தாழ்வாக ஒரு இரண்டாவது விளக்கு வையுங்கள். 9 வாட் எல்இடி பல்பு இரண்டு வாங்குங்கள், “வார்ம் ஒயிட்” என்று கேட்டு, பெட்டியில் 2700கே அல்லது 3000கே என்று இருக்கிறதா என்று பார்த்து. கட்டில் கம்பியிலோ பலகையிலோ கவ்விக்கொள்ளும் கிளிப் விளக்கு 400, 450 ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஒரு பல்பு அதற்கு. அதை ஆளைப் பார்த்துத் திருப்பாமல் சுவரைப் பார்த்துத் திருப்புங்கள். சுவரில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் மஞ்சள் பூசினாற்போல் மென்மையாக இருக்கும். இன்னொரு பல்பை, பிளக் பாயிண்டில் நேராகச் செருகும் ஹோல்டரில் மாட்டி எதிர் மூலையில், முக்காலி உயரத்தில் வையுங்கள். அதன்மேல் துணி எதையும் போர்த்தாதீர்கள். மறைக்க வேண்டுமென்றால் பூ விற்கும் மூங்கில் கூடை ஒன்றைக் கவிழ்த்து, பல்பில் படாமல் வையுங்கள். சுவரெல்லாம் கோலம் போட்டதுபோல் நிழல் விழும்.

அப்பா அம்மாவுக்காக ஒரு இரவு விளக்கு, குளியலறைக்குப் போகும் வழியில், கணுக்கால் உயரத்தில். நாம் “ஜீரோ வாட்” என்று காலகாலமாகச் சொல்லி வந்த அந்தச் சின்ன குண்டு பல்பு உண்மையில் 15 வாட் வரை இழுக்கும். பெயரை நம்பி விடிய விடிய எரிய விட்டோம். இப்போது வருகிற எல்இடி இரவு விளக்குக்கு அரை வாட், ஒரு வாட் போதும்.

விளக்கை ஏன் துணிக்கு முன்னால் சொன்னேன் என்றால், துணியின் நிறம் விளக்கைப் பொறுத்தது. கடை டியூபில் ஜம்மென்று தெரிந்த நீலம், வீட்டு மஞ்சள் பல்பில் சாம்பலாகச் செத்துப் போகும். செங்கல் நிறம், கடுகு மஞ்சள், சந்தனம், இலைப் பச்சை இவை மஞ்சள் வெளிச்சத்தில் எழுந்து நிற்கும். கடையில் துணியை வாசலுக்கு எடுத்து வந்து பார்ப்பது மட்டும் போதாது. கால் மீட்டர் துண்டு கேட்டு வாங்கி வந்து இரவில் உங்கள் விளக்கில் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். நல்ல கடைக்காரர் முகம் சுளிக்க மாட்டார்.

இனி என் பாடம். துணியில் நான் கறாராகச் சொல்வது ஒன்றுதான்: சின்ன அறையில் பெரிய டிசைன் ஒன்றே ஒன்றுதான் இருக்கலாம். திரையிலும் பூ, விரிப்பிலும் பூ, தலையணையில் மயில், அலமாரித் திரையில் கட்டம் என்று போட்டால் கண்ணுக்கு உட்கார இடமே இருக்காது. உங்கள் அறைக்கு நான் தைப்பதாக இருந்தால் திரை ஒரே நிறம், அலமாரித் திரை சுவரின் நிறம், விரிப்பில் மட்டும் கட்டமோ கோடோ.

பெரிய மாற்றம் கொடுப்பது அலமாரித் திரை. கதவில்லாத சிமெண்ட் தட்டு நம் வாடகை வீடுகளின் சாபம், எவ்வளவு மடித்து வைத்தாலும் சந்தைக் கடை மாதிரித்தான் தெரியும். ஆணி தேவையில்லை. இரண்டு பக்கச் சுவருக்கும் நடுவே நெம்பி நிற்கும் ஸ்பிரிங் ராடு 300, 350 ரூபாய். நான்கு அடி அகல அலமாரிக்கு அது தாராளமாகத் தாங்கும், துணி கனமாக இல்லாதவரை. சுவரில் சுண்ணாம்புப் பொடி உதிர்கிறது என்றால் முனை படும் இடத்தை ஈரத்துணியால் துடைத்து, காய்ந்த பிறகு பழைய சைக்கிள் டியூபில் ஒரு ரூபாய் நாணய அளவு வெட்டி நடுவில் வைத்து நெம்புங்கள், வழுக்காது. திரைத்துணி பெரும்பாலும் 48 அங்குல அகலம் வரும். அலமாரி அகலத்துக்கு இரண்டு மடங்கு துணி இருந்தால்தான் மடிப்பு அழகாக விழும். ஆகவே இரண்டு பாகம். உயரம் ஆறடி என்றால் மேலே ராடு நுழையவும் கீழே மடித்துத் தைக்கவும் அரை அடி சேர்த்து, ஒவ்வொன்றும் இரண்டு மீட்டர், மொத்தம் நான்கு மீட்டர். மீட்டர் 110 ரூபாய்த் துணியே போதும். தைப்பதற்கு முன் ஒருமுறை நனைத்துக் காய வைத்துவிடுங்கள். பருத்தி சுருங்கும், முதல் சலவைக்குப் பிறகு திரை கணுக்காலுக்கு ஏறி நிற்பதைப் பார்த்துத் தையல்காரரைத் திட்டுவதில் பயனில்லை.

பரணுக்குத் திரை போட முயலாதீர்கள். பத்தடி நீளத்துக்கு ஸ்பிரிங் ராடு சரியாக நிற்காது. சுருள் கம்பி கட்டினால் நடுவில் தொய்ந்து தொட்டில் ஆகிவிடும், அதற்கும் ஆணி வேண்டும். வேறு வழி இருக்கிறது. காடா துணி (சாயம் ஏற்றாத முரட்டுப் பருத்தி) ஐந்து மீட்டர் எடுங்கள், மீட்டர் 60 ரூபாய் சுமாருக்குக் கிடைக்கும். பரணில் தங்க வேண்டிய பெட்டிகளுக்கெல்லாம் அதில் தலையணை உறை மாதிரி நேர்த்தையல் போட்டு மாட்டிவிடுங்கள். வேறு வேறு கம்பெனி எழுத்தும் படமும் போய், மேலே ஒரே வெளிர் நிறத்தில் ஒரு வரிசை நிற்கும். எந்தப் பெட்டியில் என்ன என்று ஒரு மூலையில் பேனாவால் எழுதி வைக்க மறக்காதீர்கள்; நான் மறந்து, கொலுப் பொம்மையைத் தேடி ஏழு மூட்டை அவிழ்த்திருக்கிறேன்.

ஜன்னல் திரை கடையில் தயாராக வருவது நான்கு அடி அகலம், உயரம் 5, 7, 9 அடி. ஜன்னலுக்கு 5 என்றுதான் கொடுப்பார்கள். நீங்கள் 7 வாங்குங்கள். நம் வீடுகளில் ஜன்னலின் மேல்விளிம்பு தரையிலிருந்து பெரும்பாலும் ஏழடியில்தான் இருக்கும். அங்கிருந்து தரை வரை ஒரே வீச்சில் தொங்கினால் சுவர் உயர்ந்ததுபோல் தெரியும். ஐந்தடித் திரை சுவரின் பாதியில் அறுந்து நிற்கும். மேற்கு வெயிலுக்கு கனமான துணியாக இருக்கட்டும், வெளிப்பக்கம் வெளிர் நிறமாக இருந்தால் இன்னும் நல்லது. மதியம் இரண்டு மணிக்கே இழுத்து மூடிவிட்டு ஆறரைக்குத் திறந்தால் இரவில் அறை குறைவாகக் கொதிக்கும். கொசுவலை வெல்க்ரோவில் ஒட்டுவதாக இருந்தால் வெள்ளை வேண்டாம், கறுப்போ சாம்பலோ வாங்குங்கள். வெள்ளை வலை வெளிச்சத்தை வாங்கிப் பளபளத்துப் பார்வையை மறைக்கும். கறுப்பு வலை இருப்பதே தெரியாது.

விரிப்பில் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. இணையத்தில் 399 ரூபாய்க்கு “கிளேஸ் காட்டன்” என்று விற்பதில் காட்டன் பெயரில்தான், பெரும்பாலும் பாலியஸ்டர். மே மாதச் சென்னையில் அதில் படுத்தால் முதுகு நனையும், வயதானவர்கள் தூங்கவே மாட்டார்கள். சந்தேகம் வந்தால் ஓரத்தில் ஒரு நூலை உருவி நெருப்பில் காட்டுங்கள். பருத்தி, காகிதம் எரிகிற வாசனையோடு சாம்பலாகும்; பாலியஸ்டர் உருகி மணி மாதிரிக் கட்டி தட்டும். சென்னிமலை விரிப்புகள் பார்க்கச் சாதாரணமாக இருக்கும், ஆனால் துவைக்கத் துவைக்க மெதுவாகும். 5 அடிக் கட்டிலுக்கு 90க்கு 100 அங்குலம் சரியான அளவு; மெத்தை ஆறு அங்குலக் கனம் என்றாலும் சுற்றிச் செருக மிச்சம் இருக்கும். இரண்டு வாங்குங்கள், ஒன்று துவைக்கப் போனால் ஒன்று விரிக்க. ஒரே குடும்பத்து நிறமாக இருந்தால் தலையணை உறை மாறிப் போனாலும் பொருந்தும்.

எங்கே வாங்குவது? எழும்பூர் பாந்தியன் சாலையில் அருங்காட்சியகத்துக்கு எதிரே காட்டன் ஸ்ட்ரீட் என்று சொல்லும் வரிசைக் கடைகளில் திரைத்துணியும் காடாவும் மீட்டர் கணக்கில் கிடைக்கும். பேரம் பேசலாம், மீட்டரை அளந்து வெட்டும்போது கண் அதில் இருக்கட்டும். அதே சாலையில் கோ-ஆப்டெக்ஸும் இருக்கிறது, தீபாவளி சமயத்தில் 30 சதவீதம் தள்ளுபடி கொடுப்பார்கள். ஊருக்குப் போகும் வழியில் ஈரோடு, கரூர் வந்தால் அங்கேயே பார்த்து வாங்குங்கள். திங்கள் இரவு தொடங்கி செவ்வாய் வரை கூடும் ஈரோட்டு ஜவுளிச் சந்தையின் விலையைப் பார்த்த பிறகு சென்னை விலை கசக்கும். தரைக்குக் கம்பளம் வேண்டாம், தூசியும் கடல் காற்றின் ஈரமும் சேர்ந்து அதை ஒரே மழைக்காலத்தில் நாற வைத்துவிடும். கட்டிலிலிருந்து கால் வைக்கும் இடத்தில் ஒரு சின்ன பவானி ஜமக்காளம் போதும். அந்தச் சிவப்பும் பச்சையும் கோடுகளே அறைக்கு வேண்டிய நிறத்தைக் கொடுத்துவிடும். அடியில் வழுக்காத ரப்பர் வலை வைப்பது கட்டாயம், வருகிறவர்கள் வயதானவர்கள்.

பெயிண்ட் முக்கியத்தில் கடைசியில் வருகிறது, அதுவும் ஒரே ஒரு சுவருக்கு, தலைமாட்டுச் சுவருக்கு மட்டும். அந்தச் சுவர் நூறு சதுர அடி அளவில் இருக்கும். ஒரு லிட்டர் எமல்ஷன் இரண்டு கோட்டுக்குப் போதும். முன்னால் ஒன்று பாருங்கள்: உள்ளங்கையால் சுவரை அழுத்தித் தேயுங்கள். கையில் வெள்ளை ஒட்டினால் அது சுண்ணாம்போ பழைய டிஸ்டெம்பரோ. நேரடியாக எமல்ஷன் அடித்தால் தோல் மாதிரி உரியும். எமரித் தாளால் தேய்த்து, தூசி துடைத்து, ஒரு கோட் பிரைமர் அடித்து, மறுநாள் பெயிண்ட். நிற அட்டையில் பார்ப்பதைவிடச் சுவரில் ஒரு படி அழுத்தமாகவே தெரியும், ஆகவே பிடித்த நிறத்துக்கு ஒரு கட்டம் மேலே இருக்கும் வெளிர் நிறத்தைச் சொல்லுங்கள். வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். “நீங்களே காசு போட்டு அடிக்கிறீங்களா?” என்று சந்தோஷமாகத்தான் சொல்வார். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். மற்றதெல்லாம் செய்தபிறகு அந்தச் சுவர் வெறுமையாக இருப்பதே நன்றாக இருக்கும்.

கணக்கு: விளக்குகள் 750. அலமாரித் திரை துணி, ராடு, தையல் எல்லாம் 940. காடா 300. ஜன்னல் திரை இரண்டு பாகம் 900. விரிப்பு இரண்டு செட் 1300. ஜமக்காளம் 500. பிரைமர், பெயிண்ட், ரோலர், எமரி, டேப் 850. ஆக 5540. மீதி 460 ஆட்டோவுக்கும் கூடைக்கும் போகும். விலை கடைக்குக் கடை ஐம்பது நூறு மாறும். எங்கே குறைப்பது என்று வந்தால் பெயிண்டைக் குறையுங்கள், விரிப்பைக் குறைக்காதீர்கள்.

ஒட்டும் கொக்கியைப் பற்றி ஒரு வார்த்தை. டிஸ்டெம்பர் சுவரில் அது நிற்காது. மாட்டிய படத்தோடு ஒரு சாண் பூச்சையும் பெயர்த்துக்கொண்டு நடுராத்திரி விழும். டைல்ஸிலும் மரத்திலும் ஒட்டலாம். உங்கள் பீரோ இரும்பு, அதில் காந்தக் கொக்கி வைத்தாலே அப்பாவின் சட்டையையும் துண்டையும் மாட்டலாம்.

நாள் ஒதுக்க வேண்டுமென்றால், முதல் மூன்று நாள் வெளியேற்றமும் கட்டில் நகர்த்தலும். மின்விசிறி இறக்கையைத் துடைப்பதும் அப்போதே: பழைய தலையணை உறைக்குள் இறக்கையை நுழைத்து இழுத்தால் தூசி கட்டிலில் கொட்டாது. மெத்தை இலவம்பஞ்சு என்றால் இரண்டு நாள் மொட்டை மாடி வெயிலில் போட்டுத் தட்டுங்கள், பாதி உயிர் திரும்பிவிடும். பிறகு பெயிண்ட் இரண்டு நாள். அந்த இரண்டு இரவும் கூடத்தில் பாய் விரித்துப் படுங்கள். அடுத்து விளக்கு, அதன் பிறகுதான் துணிக்கடை. புது விரிப்பைக் குளிர்ந்த தண்ணீரில் தனியாக ஒருமுறை அலசிவிடுங்கள், கஞ்சியும் சாயமும் போகட்டும். அவர்கள் வருவதற்கு முன் ஒரு மூன்று நாளாவது அறையை ஜன்னல் திறந்து சும்மா விடுங்கள், பெயிண்ட் வாடை இறங்க.

கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி போட்டீர்களா? அதில் அலங்காரமாக எதுவும் வைக்க வேண்டாம். அம்மாவின் தண்ணீர்ச் சொம்பு, அப்பாவின் மாத்திரை டப்பா, மூக்குக் கண்ணாடி, இந்த மூன்றுக்கும் இடம் காலியாக இருக்கட்டும்.